கடல் கடந்த விலங்கோவியங்கள்

ஒரு நாட்டின் புள்ளையும் விலங்கையும் பிறிதொரு நாட்டார் அறிதற்குப் பண்டைக் கடலோடிகளிடத்து மூன்று வழிகளே இருந்தன. உயிரோடு பிடித்துக் கப்பலேற்றுதல் ஒன்று; தோலையுரித்துப் பதனிட்டு அனுப்புதல் மற்றொன்று; ஓவியமாகத் தீட்டிக் கொண்டுசெல்லுதல் மூன்றாவது. பல திங்கள் நீடித்த கடற்பயணத்தில் உயிர்கள் பெரும்பாலும் மடிந்தன. பதனிட்ட தோலை ஈரமும் பூச்சியும் அழித்தன. எஞ்சியவற்றின் அலகும் கண்ணும் காலும் தம் இயல்பான நிறத்தை இழந்தன. தாளிலே படிந்த வண்ணமோ நிலைத்தது. ஆதலின், புதுநிலங் காணப் புறப்பட்ட கப்பல்களில் மாலுமியும் மருத்துவனும் போல ஓவியனும் இன்றியமையாதவனாயினன்.

நேரிற் கண்டு தீட்டிய ஓவியத்துக்கும் கேட்டுத் தீட்டிய ஓவியத்துக்கும் உள்ள வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1515ஆம் ஆண்டில் குசராத்திலிருந்து இலிசுபன் நகருக்குக் காண்டாமிருகம் ஒன்று வந்திறங்கியது. செருமானிய ஓவியர் ஆல்பிரெக்து தூரர் அதனைக் கண்டாரல்லர். கடிதம் ஒன்றையும் கோட்டுப்படம் ஒன்றையும் துணைக்கொண்டு அவர் செதுக்கிய மரப்படத்திலே அவ்விலங்கின் தோல் போர்க்கவசம் போலவும், தோளின்மேல் இல்லாத சிறு கொம்பு ஒன்று இருப்பது போலவும் அமைந்தன. ஐரோப்பியர் நெடுங்காலம் அதனையே மெய்யென நம்பினர். இத்தகைய பிழைகளை நீக்கவேண்டுமாயின் ஓவியன் விலங்கு வாழும் நாட்டிலேயே இருத்தல் வேண்டும் என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை.

அவ்வகையில் இலங்கைக்கு வாய்த்தவர் பீற்றர் கோர்னேலிசு த பெவர் என்பவர். இத்தீவிலே பிறந்த, கலப்பு மரபினரான இவர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சேவையில் இருந்தார். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தர் பகுதிகளுக்குத் தேசாதிபதியாயிருந்த யொவான் கிடியன் லோற்றன் இயற்கைப் பொருள்களில் பெருவேட்கை கொண்டவர். அவர் ஏவலாலே த பெவர் பறவைகளையும் விலங்குகளையும் மீன்களையும் செடிகொடிகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார்.

இங்கே ஒரு செய்தி கருதற்பாலது. அக்காலத்தில் ஒல்லாந்தர் ஆணை கரையோரத்திலேயே செல்லும். இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களாகிச் சப்பிரகமுவ மாகாணம் எனப்படும் மலைச்சாரல், கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அச்சாரலின் காடுகளிலே வாழும் உயிர்கள் பல, தாழ்நிலத்துக் காடுகளிலும் அன்று வாழ்ந்தன. ஆகவே சப்பிரகமுவத்தின் புள்ளும் அணிலும், அம்மண்ணிலே ஐரோப்பிய ஆட்சி நிலைபெறுதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, ஐரோப்பிய நூல்களில் இடம்பெற்றுவிட்டன.

லோற்றன் பத்தாவியா வழியாகத் தாயகம் மீண்டு, 1759இல் இலண்டன் சேர்ந்தபோது இவ்வோவியங்களும் உடன் சென்றன. அங்கே அவற்றைக் கண்டு வியந்தவர்களுள் யோசேப்பு பாங்சு ஒருவர். அவர் சிட்னி பார்க்கின்சன் என்னும் இளைஞரை அமர்த்தி லோற்றனுடைய ஓவியங்களைப் படியெடுப்பித்தார். அப்பார்க்கின்சனே 1768இல் கப்பித்தான் குக்கின் ‘எண்டெவர்’ கப்பலில் ஓவியராகச் சென்று, தென்கடற் செடிகளையும் விலங்குகளையும் நூற்றுக்கணக்கிலே வரைந்து, 1771இல் திரும்பும் வழியில் நோயுற்றுக் கடலிலே மாண்டவர். புதிய உலகத்தின் உயிர்களை வரையப் புறப்பட்ட கை, இலங்கைப் பறவைகளைப் படியெடுத்துப் பழகிய கையேயாகும்.

தோமசு பென்னன்ற் என்னும் அறிஞர் 1769இல் இவ்வோவியங்களைக்கொண்டு ‘இந்திய விலங்கியல்’ என்னும் நூலைத் தொடங்கினார். சில படங்களோடு அம்முயற்சி நின்றது. பின்னர், குக்கின் இரண்டாம் பயணத்தில் உடன்சென்று மீண்ட யொகான் இரைன்கோல்டு போசிற்றர் 1781இல் செருமனியில் அதனை விரித்து வெளியிட்டார். பீற்றர் பிறவுண் 1776இல் வெளியிட்ட விலங்குப்பட நூலிலும் லோற்றனுடைய படங்கள் இடம்பெற்றன.

இந்நூல்களால் உலகறிந்த உயிர்கள் சிலவற்றை நோக்குவோம். இலங்கைக்கேயுரிய செம்முகப் பூங்குயிலும், மார்பிலே வெண்பட்டி பூண்ட தீக்காக்கையும், தையற்சிட்டும், நீண்ட வாலையுடைய மலையணிலும் பென்னன்ற் 1769இல் வெளியிட்ட நூலாலேயே அறிவியற் பெயர் பெற்றன. அவ்வணில் தமிழ்நாட்டிலே திருவில்லிபுத்தூர்க் காடுகளிலும் வாழ்வது. நீரோடையருகே இரவில் மீன்பிடிக்கும் பேராந்தைக்குப் பிறவுணின் படமே பெயரடிப்படையாயிற்று. நீண்டு வளைந்த அலகையுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு லின்னேயசு 1766இல் லோற்றன் பெயரையே சூட்டினார்.

பெயரிடும் முறையை அறிந்தாலன்றி இப்படங்களின் பெருமை புலனாகாது. ஓர் உயிரினத்துக்கு முதன்முதற் பெயரிடும்போது எவ்வுடலை நோக்கிப் பெயர் இடப்பட்டதோ அதுவே அப்பெயருக்கு என்றும் சான்றாகும். பின்னொருகால் ஐயம் எழுமாயின் அச்சான்றுடலை எடுத்து ஒப்புநோக்குவர். உடலன்றிப் படத்தை நோக்கிப் பெயரிட்டவிடத்து, விதிப்படி சான்றாவது படமன்று. படத்திலே தீட்டப்பெற்ற அவ்வுயிரே. ஆனால் அவ்வுயிரின் உடல் பேணப்படாதவிடத்து அது எவ்வாறிருந்தது என்று கூறவல்லது படம் ஒன்றே. த பெவரின் தூரிகையில் ஓர் இறகின் நிறம் பிறழ்ந்திருந்தால், பின்வந்த அறிஞர் அனைவரும் அப்பிறழ்ச்சியைப் பின்பற்றவேண்டியவராவர். ஓவியன் பொறுப்பு எத்துணைப் பெரிதென்பது இதனால் விளங்கும்.

நூலாசிரியர்கள் பொறுப்பும் சிறிதன்று. தையற்சிட்டு உதிர்ந்த உலர்ந்த இலையைக் கொணர்ந்து பச்சையிலையோடு சேர்த்துத் தைக்கும் என்று பென்னன்ற் எழுதினார். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். அச்சிட்டு கூடமைப்பதைக் கண்டவருமல்லர். உண்மையிலே அச்சிட்டு கொடியிலிருக்கும் பச்சையிலை ஒன்றைச் சுருட்டியோ, இரண்டு மூன்று பச்சையிலைகளை இணைத்தோ, விளிம்பிலே அலகாற் றுளையிட்டு, பஞ்சிழையும் சிலந்திநூலும் கோத்துப் பையாக்கி அதனுள்ளே கூடமைக்கும். சப்பிரகமுவத்துத் தோட்டமொன்றில், இலயத்துக்குப் பின்னேயுள்ள சிறு மரக்கறிப் பாத்தியிலே ஒரு பிள்ளை கண்டு சொல்லக்கூடிய இவ்வுண்மை, இலண்டன் அறிஞருக்குப் புலனாகவில்லை. படம் வடிவத்தைக் காட்டும், வாழ்க்கையைக் காட்டாது.

இவ்வோவியங்களிலே காணப்படும் பெருங்குறை யாதெனின், பின்புலம் இன்மையே. புள் ஒரு மரக்கட்டைமேலோ சிறுகொம்பின்மேலோ அமர்ந்திருக்கும். அதன் பின்னே வெறுந்தாள். அது வாழ்ந்த காடு எத்தகையது, எவ்வளவு உயரத்தில் இரைதேடும், எதனோடு கூடித் திரியும் என்பன எழுதப்படவில்லை. அவ்வோவியர் காலத்திலே காடு எங்கும் இருந்தமையின் அது குறையாகத் தோன்றவில்லை போலும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பியும், அதன்பின் தேயிலையும், 1876இல் நாற்றுக்கள் வந்திறங்கிய இறப்பரும் மலைச்சாரலை மூடியபோது, காடு சிறு துண்டுகளாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே தம் உழைப்பாலும் உயிராலும் அத்தோட்டங்களை உருவாக்கினர். காட்டை அழித்த தீர்ப்பு அவர்களுடையதன்று. அதன் பயனும் அவர்களை அடைந்ததன்று.

இம்மாற்றத்தை எல்லா உயிர்களும் ஒரே வகையாக ஏற்கவில்லை. தையற்சிட்டும் லோற்றன் தேன்சிட்டும் தோட்டத்து வேலிகளிலும் பூஞ்செடிகளிலும் இனிது வாழ்கின்றன. செம்முகப் பூங்குயிலோ நெடுமரங்கள் செறிந்த காட்டையன்றி வாழமாட்டாது. அதனைக் காண விழைவோர் இரத்தினபுரி மாவட்டத்திலும் பரந்துள்ள, 1988இல் உலக மரபுரிமையென ஏற்கப்பட்ட சிங்கராசவனம் போன்ற காடுகளையே நாடவேண்டும். ஒரே நூலிலே அடுத்தடுத்து அச்சேறிய இரு பறவைகளுள் ஒன்று வாசலிலே பாடுகின்றது. மற்றொன்று எஞ்சிய காட்டுள் ஒதுங்கிவிட்டது. அப்படங்களை இன்று பார்ப்போர்க்கு இவ்விரண்டு வரலாறும் ஒருங்கே நினைவுக்கு வருதல் வேண்டும்.

லோற்றனுடைய ஓவியத் தொகுதியில் ஒரு பகுதி இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையிற் பேணப்படுகின்றது. தேசாதிபதியின் பெயரைத் தேன்சிட்டுத் தாங்குகின்றது. பென்னன்ற் பெயர் தையற்சிட்டின் அறிவியற் பெயரோடு எழுதப்படுகின்றது. ஆயின் இந்நாட்டிலே பிறந்து, இந்நாட்டு உயிர்களைக் கண்ணாரக் கண்டு தீட்டிய த பெவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவரை நினைத்தற்குத் தக்க வழி, அவர் வெறிதே விட்ட பின்புலத்தை நிரப்புதலாகும். தோட்டப் பாடசாலை மாணவனொருவன் குறிப்பேடும் எழுதுகோலுங் கொண்டு, எப்புள் எம்மரத்தில் எத்திங்களிற் கூடு கட்டிற்று என்று வழுவாது எழுதிவைப்பானாயின், கடல் கடந்து சென்ற ஓவியங்கள் சொல்லாது விட்டதை அவன் சொன்னவனாவான்.