பிடித்த இசைத்தட்டு எது? பட்டியல் சொல்வதா, செவி சொல்வதா?

ராக், ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்ட இருவர் சந்தித்தால், பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்பதுண்டு: "உங்களுக்கு மிகவும் பிடித்த இசைத்தட்டு எது?" கேள்வி எளிதுதான். ஆனால் விடை சொல்லப் பலர் தயங்குகிறார்கள். தாம் சொல்லும் பெயரைக் கேட்டு மற்றவர் சிரித்துவிடுவாரோ என்னும் கூச்சமே காரணம். மனத்துக்குப் பிடித்ததை மறைத்து, பத்திரிகைகள் முதலிடம் கொடுத்த ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வோரும் உண்டு.

அப்படியானால் தனிமனிதனின் ரசனைக்கு மதிப்பே இல்லையா?

பட்டியல்களும் மாறுகின்றன

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2003ஆம் ஆண்டில் 500 சிறந்த இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தியது. பீட்டில்ஸ் குழு 1967இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' முதலிடம் பெற்றது. 2020இல் அதே இதழ் புதிதாக வாக்கெடுப்பு நடத்தியது. முன்பு முதலிடத்தில் இருந்த தட்டு 24ஆம் இடத்துக்கு இறங்கியது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) முதலிடத்துக்கு வந்தது.

இந்த 17 ஆண்டுகளில் அந்தத் தட்டுகளில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியவர்கள் வாக்களித்தவர்கள். பட்டியல் என்பதும் பலருடைய சொந்தக் கருத்துகளின் கூட்டுத்தொகையே அன்றி, தராசில் நிறுத்துச் சொன்ன எடை அன்று.

பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' 1966இல் வெளிவந்தபோது, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடம் வரைதான் ஏறியது. அதே தட்டு மேற்சொன்ன இரு வாக்கெடுப்புகளிலும் 2ஆம் இடத்தைப் பெற்றது. அன்று கூட்டம் சேராத காலத்தில் அதை விரும்பியவர்களின் செவி தவறவில்லை.

ஒரே கலைஞர், இரண்டு தீர்ப்புகள்

ரசனை ஏன் பிரிகிறது என்பதை விளக்க, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இரண்டு தட்டுகளே போதும்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959ஆம் ஆண்டு நியூயார்க்கில் இரண்டே நாளில் பதிவு செய்யப்பட்டது. அதுவரை ஜாஸ் கலைஞர்கள், வேகமாக மாறும் சுரச் சேர்க்கைகளைத் துரத்திக்கொண்டு வாசிப்பது வழக்கம். டேவிஸ் அந்த ஓட்டத்தைக் குறைத்தார். 'சோ வாட்' என்னும் முதல் உருப்படி 32 தாள அளவுகள் கொண்ட சுற்றில் இரண்டே சுர வரிசைகளை வைத்துக்கொண்டு நகர்கிறது. ஓர் இராகத்தை நிதானமாக விரிப்பதைக் கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு அந்த அமைதி அந்நியமாகத் தோன்றாது.

1970இல் வந்த 'பிட்சஸ் ப்ரூ' இதற்கு நேர்மாறு. மின்பியானோக்கள், மின்கிட்டார், ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ் என ஒலி அலைமோதியது. தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உருப்படிகளை அமைத்தார். தலைப்பு உருப்படி மட்டும் ஏறக்குறைய 27 நிமிடங்கள் ஓடும்.

பழைய ஜாஸ் அன்பர்கள் பலர் மனமொடிந்தார்கள். ராக் இளைஞர்களின் பணத்துக்காகத் தம் இசையை விட்டுக்கொடுத்தார் என்று கசந்தவர்களும் உண்டு. ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ அதுவே ஜாஸ் உலகின் வாசற்கதவானது. இதில் யார் சொன்னது சரி? மெட்டின் அழகைத் தேடி வந்தவருக்கு ஏமாற்றம். தாளத்தின் வேகத்தில் மூழ்க வந்தவருக்கு விருந்து. இருவரும் தாம் தேடிய பொருளைப் பற்றி உண்மையே பேசினார்கள்.

அந்தத் தட்டில் கிட்டார் வாசித்த ஜான் மெக்லாக்லின், பின்னர் வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா மேதை சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவை அமைத்தார். ஒரு தரப்பு வெறுத்த திருப்பம், கர்நாடக இசையும் ஜாஸும் கைகோர்க்கும் பாதைக்கு வழிவிட்டது.

பிடித்ததும் சிறந்ததும்

வயதுக்கும் இதில் பங்குண்டு. பதின்ம வயது முதல் இருபதுகள் வரை கேட்ட இசை நினைவில் ஆழப் பதிகிறது என்பது உளவியல் ஆய்வுகள் பலவற்றில் கண்ட செய்தி. தந்தை போற்றும் தட்டை மகன் "பழைய சத்தம்" என்பதும், மகன் கேட்பதைத் தந்தை "வெறும் இரைச்சல்" என்பதும் இதனால்தான். வீட்டில் எழும் இந்தச் சச்சரவில் ஒருவர் மற்றவரின் இளமையையே இகழ்கிறார் என்பதை இருவரும் உணர்வதில்லை.

பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 900 வாரங்களுக்கும் மேல் இடம்பெற்றது. வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஆகவே "இதுவே சிறந்தது" என்று தீர்ப்புக் கூறுவதைவிட, "இது எனக்குப் பிடிக்கும், இந்த இடத்துக்காகப் பிடிக்கும்" என்று சொல்வது நேர்மை. காரணம் சொல்லத் தெரிந்தால் கருத்துக்கு எடை கூடும். மற்றவர் தட்டை முதல் உருப்படியிலிருந்து கடைசிவரை ஒருமுறையாவது கேட்ட பிறகு மறுத்துப் பேசுவதே முறை. தந்தையின் தட்டை மகனும், மகனின் தட்டைத் தந்தையும் ஒரு மாலை அப்படிக் கேட்டுப் பார்க்கட்டும். பிடிக்காமல் போகலாம். ஆனாலும் மற்றவருக்கு அது ஏன் பிடிக்கிறது என்பதாவது விளங்கும்.