மட்கார்டுக் கம்பியும் மாணவர் பயணமும்

மிதிவண்டியில் செயின் கழன்றால் உடனே இறங்கி மாட்டுகிறோம். டயரில் காற்று இறங்கினால் கடைவரை தள்ளிக்கொண்டு போகிறோம். மட்கார்டு தடதடவென ஆடினால் மட்டும் எவரும் இறங்கிப் பார்ப்பதில்லை. சேறு தெறிக்காமல் காக்கும் வெறும் தகடுதானே என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ‘சேறுகாப்பு’ என்று நல்ல தமிழில் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கடையில் அப்படிக் கேட்டால், என்ன வேண்டுமென்று கடைக்காரர் மறுபடியும் கேட்பார். ஆகையால் மட்கார்டு என்றே எழுதுகிறேன்.

தமிழகத்தில் 2001-02 கல்வியாண்டில் தொடங்கப்பெற்ற விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் விரிவடைந்து, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியரை வந்தடைந்தது. அவ்வண்டிகள் அண்ணனுக்குப் பின் தம்பிக்கும், அக்காவுக்குப் பின் தங்கைக்கும் கைமாறுகின்றன. பெற்றோர் காற்றடிக்கவும் பஞ்சர் ஒட்டவும் பணம் தருகிறார்கள். மட்கார்டு ஆடுகிறதென்று பிள்ளை சொன்னாலோ, ஒரு கயிற்றை எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் கயிற்றைப்பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

வண்டி முன்னோக்கிச் செல்லுகையில் முன்சக்கரத்தின் பின்பாதி, தரையிலிருந்து மேல்நோக்கி ஏறிச் சுழல்கிறது. எனவே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அகப்படும் குச்சியோ கயிறோ கீழே விழாமல் மேலே இழுத்துச் செல்லப்படும். தகடு மடிந்து போர்க்கின் அடியில் திணிந்துகொள்ளும். அச்சிலிருந்து கழன்ற கம்பி ஸ்போக்ஸுக்குள் புகுந்தாலும் இதே கதைதான்: சக்கரம் சட்டென நின்றுவிடும், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்படுவார். எங்கள் பங்கில் டியூஷன் முடிந்து வந்த ஒரு மாணவிக்கு இவ்வாறே தோளெலும்பு முறிந்தது. கம்பியைக் கட்டியிருந்தது பழைய சேலையின் கரைத்துண்டு. இத்தகைய விபத்தைக் கருதியே, மேலைநாட்டு மிதிவண்டிகள் பலவற்றில் முன்கம்பியின் நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் கவ்வி வைக்கிறார்கள். ஏதேனும் சிக்கினால் கம்பி தானாகவே விடுபட்டுவிடும். நம் சாதாரண வண்டிகளில் கம்பியின் வளையம் அச்சு நட்டுக்குள் இறுகியிருப்பதால் அது விடுபடாது.

மட்கார்டு முறிவது பெரும்பாலும் சில இடங்களில்தான். கம்பியையும் தகட்டையும் இணைக்கும் சிறு போல்ட்டு அல்லது ரிவெட், அதைச் சுற்றியுள்ள தகடு, போர்க்கின் தலையில் மட்கார்டைப் பிடித்திருக்கும் கிளாம்பு, அச்சில் மாட்டும் வளையம் ஆகியவையே அவ்விடங்கள். காரணம் பாரமன்று, அதிர்வே. ஒரு நட்டு இளகினால் தகடு ஆடத் தொடங்கும். ஆடும் தகடு துளையோரத்தில் விரியும். அந்த விரிசல் நாளுக்கு நாள் நீளும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால், உள்நாட்டில் பல ஆண்டு உழைக்கும் போல்ட்டு அங்கே விரைவிலேயே துருவேறி உதிர்ந்துவிடும்.

இளகியது நட்டு மட்டுமானால் வீட்டிலேயே சரிசெய்யலாம். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் இவ்விடத்தில் 5 மில்லிமீட்டர் போல்ட்டு இருக்கும். அதன் நட்டுக்கு 8-ஆம் எண் ஸ்பேனர் பொருந்தும். பழைய வண்டிகளின் மரை வேறாக இருக்கக்கூடும். கையால் சில சுற்றுகள் ஏறாத நட்டை ஸ்பேனரால் வலிந்து ஏற்றினால் மரை கெட்டுவிடும். ஸ்பிரிங் வாஷர் ஒன்றைச் சேர்த்து முடுக்குங்கள். இதில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. போல்ட்டின் உருண்டைத் தலை உட்புறம், டயரைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டும் நுனியும் வெளிப்புறம் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய போல்ட்டின் நுனி, பளு ஏறும்போது டயரை உரசிக் கிழிக்கும்.

துருப்பிடித்த நட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடலாம். மண்ணெண்ணெய் இல்லாத வீட்டில் தையல் இயந்திர எண்ணெய் போதும். அப்போதும் அசையவில்லையெனில் இரும்பறுக்கும் வாளால் அறுத்தெறிந்து புதிதாகப் போட்டுவிடுவதே மேல்.

தகடு விரிந்திருந்தால், விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளையிடச் சொல்லுங்கள். விரிசலின் கூர்நுனி உருண்டையான துளையில் முடிந்துவிட்டால், அது எளிதில் நீளாது. பின்பு அகன்ற வாஷர்களை, அல்லது ஒரு தகட்டுத் துண்டை, இருபுறமும் வைத்து இடையில் போல்ட்டு போட்டுக்கொள்ளலாம். மின்சார வெல்டிங் வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். மெல்லிய மட்கார்டுத் தகட்டை அது பெரும்பாலும் ஓட்டையாக்கிவிடும். கேஸ் வைத்துப் பித்தளையால் பற்றவைப்பது அதைவிடப் பொருத்தமானது. ஆயினும் அச்சு வளையத்தருகே ஒடிந்த கம்பியைப் பற்றவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அது மீண்டும் ஒடிவதைக் கண்டிருக்கிறேன். புதுக் கம்பியின் விலை அதிகமில்லை. 28 அங்குலச் சக்கரத்துக்கும் 26 அங்குலச் சக்கரத்துக்கும் கம்பியின் நீளம் வேறுபடும். பழைய கம்பியைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

போர்க்கின் தலையிலுள்ள கிளாம்பு முறிந்திருந்தால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். ஒயர் பிரேக் வண்டிகளில் பிரேக்கைத் தாங்கும் போல்ட்டே கிளாம்பையும் தாங்குகிறது. அங்கே செய்யும் அரைகுறை வேலை பிரேக்கையும் கெடுக்கும்.

பின்சக்கரத்தின் தொல்லை வேறு வகையானது. ஒரே அச்சில் மட்கார்டுக் கம்பி, கேரியர் கால், ஸ்டாண்டு ஆகிய அனைத்தும் அடுக்கடுக்காக மாட்டியிருக்கும். எது உள்ளே, எது வெளியே என்று கழற்றும்போதே ஒரு காகிதத்தில் வரைந்துகொள்வது நல்லது. நட்டு முழுவதும் மரையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுதலாக ஒரு கேரியர் போட்ட வண்டிகளில் நட்டு நுனியில் தொத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். நட்டை இளக்கினால் செயினின் இழுவையும் மாறிவிடும். மாட்டிய பின் சக்கரம் நடுவில் ஓடுகிறதா, செயின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை அங்குலம் மேலும் கீழும் அசைகிறதா என்று சோதித்தாக வேண்டும். பின் மட்கார்டின் வால் ஒடிந்து விழுந்திருந்தால் சிவப்புப் பிரதிபலிப்பானும் அதோடு போயிருக்கும். இருட்டியபின் வீடு திரும்பும் பிள்ளையை லாரி ஓட்டுநருக்குக் காட்டுவது அதுவே. மட்கார்டு மாற்றும்வரை அதைக் கேரியரின் பின்னாலாவது பொருத்திவிடுங்கள்.

கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் மழைக்காலத்தில் விவசாயிகள் மட்கார்டையே கழற்றிவிட்டு ஓட்டுவதைக் காணலாம். பிசைந்த மாவு போன்ற அம்மண் இடைவெளியில் அடைத்துக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடுமாதலால் அவர்கள் செய்வது சரியே. மற்ற இடங்களில் டயருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி போதும். அது சுற்றிலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும்.

வழியில் முன்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வது? ஒரு பக்கக் கம்பியோடு ஓட்டக் கூடாது. துணியாலும் சணலாலும் கட்டக் கூடாது. அருகில் கடை இருந்தால் அங்கேயே மட்கார்டை முழுவதும் கழற்றச் சொல்லி, அச்சு நட்டுகளை இறுக முடுக்கிக்கொண்டு, கழற்றியதைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். கடை இல்லையெனில் வீடுவரை தள்ளிக்கொண்டே வரட்டும். தாமதமாக வந்ததற்காக அன்று அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.