உங்களுக்குத் தெரியுமா? – தூங்கும் பிள்ளையும் ஆக்சிஜன் கணக்கும்

★ கொரோனா நாளில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஓர் இடைஞ்சலில் பிறந்த கருவி. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் தேடியது வேறு: இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று, காதுமடலில் ஒளி பாய்ச்சி அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் குழப்பியது. அதை ஒழிக்கப் போராடியபோதுதான், அந்தத் துடிப்புக்குள்ளேயே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒளிந்திருப்பது பிடிபட்டது. 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த நேரத்தில், அவர் காலமானார்.

★ ஆக்ஸிமீட்டரில் 98 சதவீதம் வந்தால் நிம்மதி என்பது நம் கணக்கு. ஒற்றை இதயக் கீழறையோடு பிறந்து, முதல் அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைக்குப் பெரும்பாலும் 75 முதல் 85 வரைதான் எதிர்பார்ப்பார்கள். 90-ஐத் தாண்டினால் டாக்டர் சந்தோஷப்பட மாட்டார். நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் போய், உடம்புக்குக் குறைகிறதோ என்று யோசிப்பார். அமெரிக்காவின் மில்வாக்கியில் 2000-ஆம் ஆண்டு, இத்தகைய பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்ஸிமீட்டரும் எடைக் கருவியும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் வழக்கம் தொடங்கியது. அறுவை வெற்றி பெற்றும், அடுத்த அறுவைக்குள் வீட்டில் பிள்ளைகள் இறந்ததுதான் காரணம்.

★ இதயக் குறையுள்ள பிள்ளைக்கு இரவில் ஏன் ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும்? தூக்கத்தில் தொண்டைத் தசை தளரும், மூச்சின் ஆழம் குறையும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை உண்டு. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் அவர்களிடம் அதிகம். ஆக்சிஜன் திரும்பத் திரும்ப இறங்கினால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். “குறட்டை விட்டு நல்லாத் தூங்குறான்” என்று பாட்டி சொன்னால், அதை டாக்டர் காதிலும் போட்டுவிடுங்கள்.

★ பெரியவர்களின் விரல் கிளிப் கைக்குழந்தைக்கு ஆகாது. பாதத்தில் சுற்றும் பட்டை சென்சார்தான் சரி. பிள்ளை உதைத்தாலும் எண் சரியும், கால் சில்லிட்டாலும் சரியும். திரையில் நாடி அலை ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கும் முன்னால், பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கிறதா என்று பாருங்கள்.

★ கருத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். 80-க்குக் கீழே துல்லியமும் குறையும். நீலம் பாரிக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு இரண்டுமே பொருந்தும்.

★ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண் உங்கள் பிள்ளைக்கு உதவாது. “எந்த எண்ணுக்குக் கீழே போனால், எத்தனை நிமிடம் நீடித்தால், கிளம்பி வர வேண்டும்?” என்று இதய மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கி, கட்டில் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள்.