பிள்ளை கடலில் இருக்கும்போது: கடற்படையினரின் பெற்றோருக்கு

சென்ற ஆண்டு எமது மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஓர் அம்மையார் சேர்க்கப்பட்டார். வயது அறுபதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். நெடுநாள் நீரிழிவால் வலது காலின் சுண்டுவிரலில் உண்டான புண் சீழ் பிடித்திருந்தது. அந்த விரலை உடனே அகற்றினால் புண் பரவாமல் தடுக்கலாம் என்று மருத்துவர் கூறினார். அம்மையார் இசையவில்லை. "எம்மவன் நேவியில இருக்கான். கப்பல் கரைக்கு வரட்டும், அவன் வந்து கையெழுத்துப் போடுவான்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். மகனுக்குச் செய்தி அனுப்பலாமா என்று கேட்டோம். "வேண்டாம், அங்க கெடந்து கவலைப்படுவான்" என்றார். ஆறு நாள்கள் இவ்வாறே கழிந்தன. ஏழாம் நாள் அறுவை நடந்தபோது ஒரு விரலோடு நிற்கவில்லை; மூன்று விரல்களை எடுக்க நேர்ந்தது.

அந்த ஆறு நாள்களில் எங்களுக்கும் பங்கு உண்டு. சேர்க்கையின்போது எங்கள் பணியாளர் அவரிடம் கேட்ட முதற் கேள்வி, "கையெழுத்துப் போட யார் வந்திருக்கிறார்கள்?" என்பதே. மகன் வந்தாலன்றி அறுவை நடவாது என்ற எண்ணம் அவருக்கு அந்தக் கேள்வியிலிருந்துதான் உண்டாயிற்று. இதனை நாங்கள் பின்னரே அறிந்தோம். கடற்படையில் பணியாற்றும் மகனையோ மகளையோ உடைய பெற்றோருக்கு இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது அந்த அறிதலே.

அழைப்பு வராத நாள்கள்

ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்கும் காவற்பணியை இந்தியக் கடற்படை 2008 அக்டோபரில் தொடங்கியது. 2017 முதல் இந்தியப் பெருங்கடலின் முக்கியமான பகுதிகளில் போர்க்கப்பல்களைத் தொடர்ந்து நிறுத்திவைக்கும் முறையையும் அது கைக்கொண்டுள்ளது. 2023-இன் இறுதியில் செங்கடற்பகுதியில் வணிகக் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், அரபிக்கடலில் காவற்பணி மேலும் பெருகியது. 2024 மார்ச்சில் கடத்தப்பட்ட 'ரூயென்' என்னும் சரக்குக் கப்பலை ஐ.என்.எஸ். கொல்கத்தா உள்ளிட்ட படையினர் மீட்டனர். 17 மாலுமிகள் காப்பாற்றப்பட்டனர். 35 கடற்கொள்ளையர் பிடிபட்டனர். அந்த நடவடிக்கை ஏறத்தாழ 40 மணி நேரம் நீடித்தது. அத்தகைய வேளையில் கப்பலில் இருப்பவர் வீட்டோடு பேச இயலாது என்பது சொல்லாமலே விளங்கும்.

நடவடிக்கை ஏதும் இல்லாத நாள்களிலும் அழைப்பு வராமல் போகலாம். கரையை விட்டு விலகிய சிறிது தொலைவிலேயே கைப்பேசியின் அலைவரிசை அற்றுப்போகிறது. கப்பல் இருக்குமிடம் வெளியே தெரியாதிருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். 2019-இன் இறுதியில் போர்க்கப்பல்களிலும் கடற்படைத் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் தடை விதிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். நீர்மூழ்கியில் பணியாற்றுவோரின் மௌனம் இன்னும் நீண்டது. திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளால் நீருக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. நீர்மூழ்கி அதனைப் பெறலாம். அவ்வழியே மறுமொழி சொல்ல இயலாது.

ஆகவே அழைப்பு வராமை கெட்ட செய்தியின் அறிகுறியன்று, பணியின் இயல்பு. இதனோடு பெற்றோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். கப்பலில் இருப்பவரின் கைப்பேசிதான் அடங்கியிருக்கிறது. கப்பலுக்கும் அதன் கரைத் தலைமையகத்துக்கும் இடையே உள்ள செய்தித் தொடர்பு அற்றுப்போவதில்லை. பிள்ளையால் பேச முடியவில்லை என்பதும் பிள்ளைக்குச் சொல்ல முடியாது என்பதும் ஒன்றல்ல.

கையெழுத்து யாருடையது?

தெளிந்த அறிவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சம்மதம். மகன், மகள், கணவர், மனைவி ஆகிய எவரும் அவருக்குப் பதிலாக இசைவளிக்கத் தேவையில்லை. அளித்தாலும் அது அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது. நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் பெற்று, உடனடித் தேவையில்லாத ஓர் அறுவையைச் செய்த வழக்கில், 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக உரைத்துள்ளது. எழுதப் படிக்கத் தெரியாதவர், விளக்கத்தைக் கேட்டு உணர்ந்தபின் சாட்சியின் முன்னிலையில் கைந்நாட்டு வைக்கலாம். நோயாளி நினைவிழந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால், உயிர் காக்கும் சிகிச்சையை மருத்துவர் எவருக்காகவும் காத்திராமல் தொடங்கலாம்.

நீரிழிவுப் புண், மாரடைப்பு, பக்கவாதம், குடலடைப்பு ஆகியவற்றுக்குக் கப்பல் கரை சேரும் நாள் தெரியாது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். "அவன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை எங்கள் மருத்துவர் எவரும் இனி கேட்டுவிட்டு அமைதியாக இருக்கமாட்டார். எங்கள் சேர்க்கைப் படிவத்தைப் பற்றிப் பேசும்போதும், "உடன் இருந்து உதவ யார் இருக்கிறார்கள்?" என்றே கேட்குமாறு பணியாளர்களுக்கு அறிவுறுத்தியுள்ளோம்.

சொல்வதா, மறைப்பதா?

நோயை மறைக்கும் பெற்றோரின் உள்ளத்தை நாங்கள் குறைகூறவில்லை. கடலில் இருக்கும் பிள்ளையின் கவனம் சிதறக்கூடாது என்ற அன்பே அதன் வேர். ஆயினும் மறைத்த செய்தி மறைந்தே இருப்பதில்லை. கப்பல் துறைமுகத்தைத் தொட்டவுடன் உறவினர் ஒருவரின் வாட்ஸாப் செய்தியிலிருந்து பாதி தெரியவரும்; மீதியை அச்சம் இட்டு நிரப்பும். ஒருமுறை மறைத்ததை அறிந்த பிள்ளை, அடுத்த முறை "நான் நலமாயிருக்கிறேன்" என்று தாய் உண்மையாகவே கூறினாலும் நம்பமாட்டார்.

இதற்கு நாங்கள் கூறும் வழி எளியது. எதை உடனே சொல்வது, எதை அடுத்த அழைப்பில் சொல்வது, எதை விடுமுறைக்கு வரும்போது சொல்வது என்று புறப்படுமுன்னரே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுதல், பெரிய அறுவை, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் உறுதியாதல், குடும்பத்தில் மரணம் ஆகியவை முதல் வகை. மாத்திரை மாற்றம், ஒரு நாளில் வீடு திரும்பும் சிறு சிகிச்சை ஆகியவை இரண்டாம் வகை. வழக்கமான மூட்டுவலியும் சளியும் மூன்றாம் வகை.

சொல்லும்போது நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: என்ன நேர்ந்தது; மருத்துவர் என்ன செய்கிறார்; உடன் இருப்பவர் யார்; அடுத்த செய்தி எப்போது வரும். "உடனே புறப்பட்டு வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். விடுப்பு அளிப்பது கப்பலின் தலைமை எடுக்கும் முடிவு. கப்பல் இருக்கும் தொலைவும் அதன் பணியும் அதனை நிர்ணயிக்கும். வர இயலாத பிள்ளையை அன்பற்றவன் என்று அண்டை அயலார் பேசினால் அதற்குச் செவி கொடாதீர்கள்.

புறப்படுமுன் ஒரு தாள்

பிள்ளை விடுமுறையில் வீட்டில் இருக்கும் நாளில், ஒரே தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பணிப் பதிவேட்டில் உள்ளவாறே முழுப்பெயர், பதவி, பெர்சனல் நம்பர். இரண்டாவது, கப்பல் அல்லது தளத்தின் பெயரும் அஞ்சல் முகவரியும். கப்பலில் இருப்போருக்கான கடிதங்கள் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய இடங்களில் உள்ள ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகச் செல்கின்றன. எது பொருந்தும் என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவது, அவசரத்தில் அழைக்க வேண்டிய கரை அலுவலகத்தின் தொலைபேசி எண். நான்காவது, பிள்ளையின் நலனுக்குப் பொறுப்பான டிவிஷனல் ஆபீசரின் பதவிப் பெயர். ஐந்தாவது, பதிவேட்டில் நெருங்கிய உறவினராக யார் பெயர் உள்ளது, உங்கள் தொலைபேசி எண் சரியாக உள்ளதா என்பது. எண்ணை மாற்றிவிட்டுத் தெரிவிக்க மறந்த வீடுகள் பல.

தாளின் மறுபக்கத்தில் உங்கள் நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, அருகில் உள்ள உறவினர் அல்லது அண்டை வீட்டார் ஒருவரின் எண் ஆகியவற்றை எழுதுங்கள். நீங்கள் நினைவிழந்தால் மருத்துவர் யாரோடு பேச வேண்டும் என்பதையும் குறியுங்கள். கப்பல் புறப்படும் நாளும் செல்லும் வழியும் அத்தாளில் வேண்டா. தாளைப் படமெடுத்து வாட்ஸாப் குழுக்களில் பகிரவும் வேண்டா. உங்கள் மருத்துவக் கோப்பில் வைத்திருந்தால் போதும்.

அவசரச் செய்தி செல்லும் வழி

அவசர நிலையில் கரை அலுவலக எண்ணை அழைத்துச் செய்தியைக் கூறுங்கள். அங்கிருந்து அது கப்பலின் தலைமைக்குச் செல்லும். செய்தியின் உண்மையை உறுதிசெய்ய மருத்துவச் சான்று கேட்கப்படலாம். நோயின் பெயர், தற்போதைய நிலை, சேர்க்கப்பட்ட நாள், நடைபெறும் சிகிச்சை, எத்தனை நாள் நீடிக்கும், உறவினர் உடனிருத்தல் இன்றியமையாததா என்பனவற்றோடு மருத்துவரின் பதிவு எண்ணும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் அச்சான்றில் இருக்கும். உள்ளதை உள்ளவாறே எழுதுவோம். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது ஆபத்து என்று எழுதுமாறு எங்களைக் கேளாதீர்கள். ஒரு பொய்ச் சான்று, அடுத்து வரும் மெய்யான சான்றின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

யாரை அணுகுவது என்று தெரியாத பெற்றோர், தம் மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடலாம். பெயர் அவ்வாறு இருப்பினும், பணியில் உள்ள படைவீரரின் குடும்பத்துக்கு உதவுவதும் அதன் கடமையே.

உதவும் பிற இடங்கள்

பணியில் உள்ளவரைச் சார்ந்து வாழும் பெற்றோர், வருமான வரம்புக்கு உட்பட்டு, படைத்துறை மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் சென்னையிலும் வெலிங்டனிலும் இராணுவ மருத்துவமனைகள் உள்ளன. இதற்குப் பெற்றோரின் பெயர் சார்ந்தோராகப் பதிவு செய்யப்பட்டு, அதற்கான அட்டை பெற்றிருக்க வேண்டும். நோய் வந்தபின் இதனைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். அக்னிவீரர்களின் பணி நிபந்தனைகள் நிரந்தரப் பணியாளரின் நிபந்தனைகளிலிருந்து வேறுபட்டவை; ஆதலால் அவர்களுடைய பெற்றோர் தமக்குப் பொருந்துவது எது என்பதைப் பிள்ளையின் வாயிலாக முன்னரே கேட்டறிதல் நலம்.

தனியே வாழும் பெற்றோருக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பெருந்துணை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. பதிவு செய்ய, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேளுங்கள். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணைத் தொலைபேசியின் அருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் உறக்கமும் உங்கள் உள்ளமும்

மகன் கடலில் இருக்கும் காலத்தில் தந்தையின் இரத்த அழுத்தம் ஏறியிருப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். விசாரித்தால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து தொலைக்காட்சியில் கடற்செய்தி தேடுவது தெரியவரும். செய்தி பார்ப்பதற்கு நாளில் ஒரு வேளையை மட்டும் ஒதுக்குங்கள். படையினருக்கு ஏதேனும் நேர்ந்தால் பதிவேட்டில் உள்ள உறவினருக்குக் கடற்படையே தெரிவிக்கும். வாட்ஸாப்பில் சுற்றிவரும் காணொளியை நம்பி அஞ்ச வேண்டியதில்லை.

உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை, படபடப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். அது மனவலிமையின் குறைவு அன்று. சிகிச்சையால் நீங்கக்கூடிய நோய். மருந்துக்கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி உண்ணாதீர்கள். வெளியே வர இயலாதவர், 2022-இல் மைய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

விரல்களை இழந்த அம்மையார் இப்போது தனிச் செருப்பு அணிந்து நன்றாக நடக்கிறார். கரை சேர்ந்தபின் அவருடைய மகன் விடுப்பில் வந்து எங்கள் பிரிவில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அடுத்த பயணத்துக்குமுன் ஒரு தாளைத் தம் கையால் எழுதித் தாயிடம் கொடுத்துச் சென்றார். புண் சோதனைக்கு வரும்போதெல்லாம் அம்மையார் அதனைச் சர்க்கரைக் குறிப்பேட்டுக்குள் மடித்து வைத்துக் கொண்டுவருகிறார்.

உங்களுக்கும் அத்தகைய தாள் ஒன்று வேண்டுமானால், எங்கள் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் அச்சிட்ட படிவம் கிடைக்கும். நிரப்ப உதவி வேண்டுவோர் புறநோயாளர் நேரத்தில் வந்து கேட்கலாம்.