பதினான்காம் இடத்துக்கான போட்டி

ஆறு சுற்று பைக் ரேஸ், மொத்தம் 22 கிலோமீட்டர். ஏறத்தாழ 13 நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்காக வெள்ளிக்கிழமை காலையே அம்பத்தூர் லேத் பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவேன். “இந்த வாட்டி கப்பு நிச்சயமா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். இல்லை என்று நேராகவே சொல்லிவிடுவேன். என் இடம் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். கப்பு வாங்காதவன் ஏன் போகிறான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிறது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது; 1990-லிருந்து இங்கே பந்தயம் நடக்கிறது. அதற்கு முன்னால் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் ரேஸ். அங்கே போய்ப் பார்த்த கதையை என் அப்பா வயதுக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. ஒவ்வொரு வளைவுக்கும் சி1, சி2 என்று நம்பர்.

வாரக்கடைசியின் ஒழுங்கு பெரும்பாலும் இப்படித்தான்: வெள்ளி பயிற்சி, சனி தகுதிச்சுற்றும் முதல் ரேஸும், ஞாயிறு இரண்டாம் ரேஸ். எல்லாவற்றுக்கும் முன்னால் பரிசோதனை. அதில் தேறாத வண்டி தடத்துக்குள் போகவே முடியாது. ஹெட்லைட், கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். விழும்போது உடைந்து சிதறுவதும், தரையில் கொளுவுவதும் அவைதான்.

எஞ்சின் ஆயில் போல்ட்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். தலையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான துளை போட்டிருக்கும். அதில் மெல்லிய ஸ்டீல் கம்பியை நுழைத்து, பிளையரால் முறுக்கி, இன்னொரு முனையைப் பக்கத்தில் அசையாத இடத்தில் கட்டியிருக்கும். கம்பி இழுக்கும் திசை போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும். அப்போதுதான் எத்தனை அதிர்ந்தாலும் கழலாது. ஒருவன் வண்டியிலிருந்து சொட்டும் ஆயில் பின்னால் வரும் பத்துப் பேரை வீழ்த்தும் என்பதால் இத்தனை கெடுபிடி. ரேடியேட்டரில் கூலண்ட் கூடாது, வெறும் தண்ணீர்தான் என்பதற்கும் இதே காரணம். கூலண்ட் சிந்தினால் தார் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். பரிசோதிக்கும் பெரியவர் கம்பியைச் சுண்டுவிரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஆடுது. திரும்பக் கட்டிட்டு வா” என்பார். இதில் சீனியர், ஜூனியர் பார்ப்பதில்லை. ஹெல்மெட், முதுகுக் கவசம், கையுறை, பூட்ஸ், ஒரே துண்டாகத் தைத்த தோல் உடுப்பு எல்லாம் அவர் கையால் தடவப்பட்ட பிறகுதான் ஸ்டிக்கர் கிடைக்கும்.

வண்டி விஷயம் இது. ஓட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓட்டும் 165 சிசி பிரிவில் எஞ்சின்கள் கிட்டத்தட்ட ஒரே பலம். நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருக எவராலும் முடியும். வித்தியாசம் வருவது பிரேக்கில். பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன்சக்கரத்துக்கு வரும். உள்ளங்கையைவிடச் சிறிய ரப்பர்ப் பரப்பு அத்தனையையும் தாங்குகிறது. சட்டென்று இறுக்கிப் பிடித்தால் அது வழுக்கிவிடும். மெல்லத் தொடங்கி, அழுத்தி, வளைவுக்குள் சாயச் சாயக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வலப்பக்கம் சாய வலக்கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்றால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். சைக்கிளில்கூட நாம் தெரியாமல் செய்வது அதுதான். முழங்காலில் பிளாஸ்டிக் கட்டை ஒட்டியிருப்பது ஸ்டைலுக்கு அல்ல. அது தரையைத் தொட்டால், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிகிறது.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் பத்தில் ஒரு விநாடி என்பது 2.8 மீட்டர். ஒரு வண்டியின் நீளத்தைவிட அதிகம். வண்டியில் பொருத்திய சிறிய கருவி ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஆயிரத்தில் ஒரு விநாடி வரை கணக்கெடுக்கிறது. அந்தத் தாள் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது இடத்தை அல்ல, நேரத்தை. முன்னால் போனவன் விழுந்தால் எனக்கு ஓரிடம் கூடும். அதில் என் சாமர்த்தியம் ஏதுமில்லை. சுற்று நேரம் குறைந்தால் அது முழுக்க என்னுடையது.

ரேஸுக்குள் பல ரேஸ் நடக்கும் என்பது கேலரியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. முதல் நாலு பேர் ஒரு கூட்டமாகப் போய்விடுவார்கள், மைக்கில் அவர்கள் பெயர்தான் கேட்கும். பின்னால் பதினான்காம் இடத்துக்கு நானும் வேலூர்க்காரர் ஒருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். நேர்ப்பாதையில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வேன். காற்றை அவர் கிழித்துக் கொடுப்பார், எனக்கு வேகம் கூடும். சி1 வருவதற்குள் வெளியே எடுத்துத் தாண்டப் பார்ப்பேன். அடுத்த சுற்றில் அதே வித்தையை அவர் காட்டுவார். முடிந்ததும், வண்டிகளை நிறுத்தும் பிட்டுக்கு வந்து, “அண்ணே, அந்த வளைவுல உங்க பிரேக் சீக்கிரம்ணே” என்று அவரே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்.

ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் இதே தடத்தில் ரேஸின்போது விழுந்து 13 வயதுச் சிறுவன் இறந்தான். மீதிப் போட்டிகளை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு நான் கிளம்பும்போது, “பார்த்துப் போப்பா” என்று சொல்வதோடு அம்மா நிறுத்திக்கொள்கிறாள். இங்கே எங்களைக் காப்பது முக்கியமாகக் கொடிகள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, தாண்டக்கூடாது. மஞ்சளும் சிவப்பும் கோடு போட்டிருந்தால் தடம் வழுக்குகிறது. கருப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் வண்டியில் கோளாறு, வெளியேறு. சிவப்பு என்றால் ரேஸே நின்றது. இவற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நாள்முழுக்க நிற்கும் மார்ஷல்களில் பெரும்பாலோர் ஆர்வத்தால் வந்த தன்னார்வலர்கள்.

ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சில வார்த்தைகள். எடுத்ததும் ரேஸில் நுழைய முடியாது. இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு அங்கீகரித்த பள்ளி ஒன்றில் பயிற்சி முடித்து, மருத்துவச் சான்றிதழ் காட்டி, உரிமம் வாங்க வேண்டும். கோவைப் பக்கத்துக்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நீளம் 2.1 கிலோமீட்டர், கற்றுக்கொள்ள நல்ல இடம். கையில் இருக்கும் காசை முதலில் ஹெல்மெட்டிலும் தோல் உடுப்பிலும் போடுங்கள், அடுத்து டயரில். புது சைலன்சர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அது சத்தத்தைத்தான் கூட்டும், சுற்று நேரத்தைக் குறைக்காது.