அபினியும் அதன் வழி மருந்துகளும்

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீற வடியும் பாலே உறைந்து அபினியாகும். அதனின்று ஜெர்மானியராகிய செர்ட்டூர்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்பீனைப் பிரித்தெடுத்தார். கொடுநோவைத் தணிக்கும் பிற மருந்துகளின் வலிமையை அளக்க இன்றும் அதுவே அளவுகோல். 1832-இல் கண்ட கோடீன் வலிமையிற் குறைந்தது; எனினும் ஈரல் அதன் ஒரு பகுதியை மார்பீனாக்கும். சிலர்பால் அம்மாற்றம் மிக விரைந்து நிகழ்தலின், மெல்லிய மருந்தென்று அதனை இகழ்தலாகாது. 1898-இல் இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்த ஹெராயினோ பலரை அடிமையாக்கிற்று. 1960-ஐ ஒட்டித் தோன்றிய பென்டனில் மார்பீனினும் ஏறத்தாழ 100 மடங்கு வலியது.

வலிமை வேறாயினும் ஆபத்து ஒன்றே: அளவு மீறின் மூச்சுத் தளர்ந்து நிற்கும், மது சேரின் அது விரையும். நாலொக்சோன் என்னும் மாற்றுமருந்து காலத்தே கிடைப்பின் உயிர் மீளக்கூடும். ஆதலின் மருத்துவர் வரையறுத்த அளவைக் கடவாமையே நோயாளிக்குக் காப்பாம்.