முகநூல் நட்பும் அலுவலக உறவும்

அலுவலகத்தில் நம்முடன் பணியாற்றுகிறவரை முகநூலில் நண்பராகச் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா? கேட்பதற்குச் சிறிய வினாதான். ஆயினும் நம் கல்லூரியில் படித்து முடித்து வேலைக்குச் சென்ற அண்ணன்மாரையும் அக்காமாரையும் கேட்டுப் பாருங்கள்; முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும் முன்னரே இந்தக் குழப்பம் வந்து சேர்ந்துவிட்டதாகப் பலரும் கூறுவர். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நம்மில் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் படியேறப் போகிறவர்கள். ஆகவே இதனைச் சற்று விரிவாகச் சிந்திப்பது வீண் வேலையாகாது என்று கருதுகிறேன்.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. முகநூல் எனப்படும் பேஸ்புக் 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் விடுதியில் பிறந்தது. ஒரே வளாகத்தில் படித்து, உண்டு, உறங்கிய மாணவர்களுக்காக ஏற்பட்ட அதில், இணைந்த இருவரை 'நண்பர்' என்று குறித்தது முற்றிலும் பொருத்தமே. 2006ஆம் ஆண்டு செப்டம்பரில், 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று கதவு திறக்கப்பட்டது. மாமனார், வீட்டு உரிமையாளர், கடன் கொடுத்தவர், கிளை மேலாளர் என அனைவரும் உள்ளே வந்தனர். சொல் மட்டும் மாறவில்லை. எல்லாரும் நண்பர்! (கடன் கொடுத்தவரை நண்பர் என்றழைக்க எத்துணைப் பெரிய மனம் வேண்டும்!)

வேறு தளங்கள் வேறு சொற்களைத் தேர்ந்துகொண்டன. தொழில் செய்வோருக்கென்றே 2003இல் தொடங்கிய லிங்க்டுஇன், தன்னில் இணைந்தவர்களைத் 'தொடர்பு' என்றே சொல்கிறது. அங்கே மேலாளரைச் சேர்த்துக்கொள்வதில் எவருக்கும் மனக்கூச்சம் இருப்பதில்லை; அலுவலக அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வது போன்றதே அது. 2006இல் வந்த ட்விட்டர் 'பின்தொடர்தல்' என்றது. அதற்கு ஒருவருடைய விருப்பமே போதும். முகநூல் நட்போ இருவரும் ஒப்புக்கொண்டால்தான் ஏற்படும். ஒருவர் கேட்க வேண்டும். மற்றவர் தர வேண்டும். இந்தக் கேட்பதிலும் தருவதிலும்தான் அலுவலகத்தின் மேல் கீழ் நிலைகள் வந்து புகுந்துகொள்கின்றன.

நம் தமிழில் இதற்கு எத்தனைச் சொற்கள்! தெரிந்தவர் என்போம். அதற்கு ஒரு படி மேலே, பழக்கமானவர் என்போம். "அந்த மேலாளர் எனக்கு நல்ல பழக்கம்" என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுச் சமையலறை வரை போய்வருகிறவர் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. வேண்டியவர் என்றொரு சொல்லும் உண்டு. அதில் அன்பும் இருக்கலாம், காரியமும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் அப்பால் நிற்பவர்தாம் நண்பர். முகநூலை ஒரு தமிழர் ஆக்கியிருந்தால் 'பழக்கமானவர்' என்று பொத்தானுக்குப் பெயரிட்டு நம் தொல்லையில் பாதியைக் குறைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

திருவள்ளுவரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை என்பதைத் தமிழ் பயிலும் நண்பர்கள் அறிவர். நட்பைப் பற்றி 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் வைத்தார். மேலதிகாரத்தில் இருப்பவரிடம் நடந்துகொள்ளும் முறையை, 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று 70ஆம் அதிகாரத்தில் தனியே வைத்தார். குளிர் காய்கிறவன் நெருப்புக்கு மிக அருகிலும் போகாமல், மிக விலகியும் போகாமல் இருக்கும் நிலையையே அதற்கு உவமையாகக் காட்டினார். முகநூல் அழைப்பில் அந்தத் தூரத்தை அளந்து உட்காரும் வசதி இல்லை. ஏற்றுக்கொண்டால் அருகு, மறுத்தால் விலகல்.

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இருக்கிறது. ஒரே மேசையில் அருகருகே அமர்ந்து வேலை பார்க்கும் இருவரிடையே நட்பு அழைப்பு போவதும் வருவதும் அவரவர் விருப்பம். அதே அழைப்பு மேலாளரிடமிருந்து கீழ்ப்பணியாளருக்கு வரும்போது அது அழைப்பாக இருப்பதில்லை. விடுப்பும், பணி உயர்வும், இரவுப் பணி ஒதுக்கீடும் எவர் கையொப்பத்தில் இருக்கின்றனவோ, அவர் புன்னகையோடு நீட்டுகிற கையை எப்படித் தட்டிவிடுவது? மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் ஒப்புதலுக்குப் பொருள் இல்லை. எனவே முகநூல் நாகரிகம் என்று ஒன்று உண்டானால், அதன் சுமை மேலே இருப்பவருக்கே உரியது. அவர் தாமாக அழைப்பு அனுப்பக் கூடாது. கீழே இருப்பவர் தாமே அனுப்பினால் ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

என் அக்காள் ஒரு தனியார் அலுவலகத்தில் பணியில் சேர்ந்த இரண்டாம் வாரம் அவருடைய மேலாளரின் அழைப்பு வந்தது. மூன்று நாள் அப்படியே வைத்திருந்தார். அப்பாவோ, "பெரியவர், மரியாதைக்குச் சேர்த்துக்கொள்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை மின்தூக்கியில் அம்மேலாளரே, "என்னம்மா, பேஸ்புக் பக்கம் வருவதே இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அன்று மாலையே ஏற்றுக்கொண்டார். அவர் தவறாக ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் விருப்பக்குறி மட்டும் இட்டார், பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல். அதற்கு முன் அக்காள் தோழியரோடு கடற்கரையில் எடுத்த படங்களை இடுவார். படித்த கதையைப் பற்றி நான்கு வரி எழுதுவார். பேருந்துக் கட்டண உயர்வைப் பற்றிச் சினந்தும் எழுதுவார். ஆறு மாதத்தில் அவர் பக்கத்தில் கோபுரப் படங்களும் பொங்கல் வாழ்த்துமே எஞ்சின. இதில் யார் மேலும் புகார் எழுத இயலாது. என்றாலும் ஒரு பெண் தன் தோழியரோடு பேசிக்கொண்டிருந்த திண்ணை ஒன்று அடைக்கப்பட்டது என்பது உண்மை.

"என் பதிவை நண்பர்கள் மட்டுமே காணும்படி பூட்டி வைத்திருக்கிறேன், எனக்கென்ன?" என்று சிலர் கேட்பர். பூட்டு வெளியாரைத் தடுக்கும். உள்ளே இருப்பவரைத் தடுக்குமா? இங்கிலாந்தில் ஆப்பிள் நிறுவனத்தின் விற்பனைக் கடை ஊழியர் ஒருவர், நிறுவனத்தையும் அதன் பொருள்களையும் ஏளனம் செய்து தம் முகநூல் பக்கத்தில் எழுதினார். அப்பக்கம் பொதுமக்கள் காணக்கூடியதன்று. ஆனால் அவருடைய நண்பர் பட்டியலில் இருந்த உடன் பணியாளர் ஒருவர் அதனைக் கடை மேலாளரிடம் கொண்டு சேர்த்தார். வேலை போயிற்று. 2011ஆம் ஆண்டு தொழில் தீர்ப்பாயம், அந்தப் பணிநீக்கம் முறையானதே என்று கூறியது. நண்பர்களுக்கு மட்டும் என்று எழுதினாலும், அதை அவர்கள் பிறருக்குக் காட்டமாட்டார்கள் என்று நம்பியிருக்க இடமில்லை என்பதே அதன் சாரம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு சமூகத் தொண்டு நிறுவனத்தில், தங்கள் வேலை போதாது என்று சக பணியாளர் ஒருவர் குறை கூறுவதாக வருந்திய ஒரு பெண் ஊழியர், 2010ஆம் ஆண்டு ஒரு விடுமுறை நாளில் தம் வீட்டிலிருந்து முகநூலில் எழுதி, உடன் பணியாற்றுவோரின் கருத்தைக் கேட்டார். நால்வர் மறுமொழி எழுதினர். குறை கூறியவர் அதனைப் பார்த்து நிறுவனத்திடம் முறையிட, ஐவரும் வேலையிழந்தனர். 2012இல் அந்நாட்டின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், பணியாளர்கள் தங்கள் பணி நிலைமையைப் பற்றித் தமக்குள் கூடிப் பேசுவது சட்டம் காக்கும் உரிமை என்றும், ஐவரையும் மீண்டும் சேர்க்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் திரிபுரா மாநில அரசு ஊழியர் ஒருவர், அரசியல் கூட்டத்துக்குச் சென்றதாகவும் முகநூலில் அரசியல் கருத்து எழுதியதாகவும் கூறப்பட்டு, ஓய்வு பெறச் சில நாள்களே இருந்த நிலையில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம், அரசு ஊழியர் என்பதால் ஒருவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று கூறி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு நீதி கிடைத்தது உண்மை. ஆனால் அது கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கிறது. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே!

முகநூல் நட்பு உண்மையில் நட்புத்தானா என்ற வினாவை நீதிபதிகளே தங்களுக்காக எழுப்பிக்கொண்ட நிகழ்ச்சி சுவையானது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நீதிபதிகளுக்கு அறநெறி ஆலோசனை கூறும் குழு 2009ஆம் ஆண்டில், தம் முன் வழக்காட வரக்கூடிய வழக்கறிஞரை நீதிபதி தம் முகநூல் நண்பராகச் சேர்க்கக் கூடாது என்று கருத்துரைத்தது. நீதிபதியிடம் இவருக்குச் செல்வாக்கு உண்டு என்று பிறர் எண்ணிவிடுவர் என்பதே காரணம். அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றமோ 2018இல், முகநூல் நட்பு என்ற ஒன்றை மட்டும் காட்டி ஒரு நீதிபதியை வழக்கிலிருந்து விலக்க இயலாது என்றது. எழுவரில் நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். 'நண்பர்' என்ற ஒரு சொல்லின் எடையை அளக்க ஏழு நீதிபதிகள் அமர்ந்தும் ஒருமனதாக முடியவில்லை. நாம் குழம்புவதில் வியப்பென்ன?

சேர்ப்பதைவிட நீக்குவது கடினம். நண்பர் பட்டியலிலிருந்து ஒருவரை அகற்றுவதைக் குறிக்கும் 'அன்பிரண்டு' என்ற சொல்லை 2009ஆம் ஆண்டின் சொல்லாக நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியினர் தேர்ந்தெடுத்தனர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் லான்செஸ்டன் நகரில் வீட்டுமனை விற்பனை அலுவலகம் ஒன்றில் எழுந்த பூசலை அந்நாட்டு நியாயமான பணி ஆணையம் 2015இல் விசாரித்தது. வாக்குவாதத்துக்குப் பின் ஒருவர் மற்றவரை முகநூல் நண்பர் பட்டியலிலிருந்து நீக்கியதும் அங்கே ஒரு சான்றாக வைக்கப்பட்டது. நீக்கியது மட்டுமே கொடுமை என்று ஆணையம் சொல்லவில்லை; காலை வணக்கம் சொல்லாதது முதலிய பல செயல்களோடு சேர்த்து, பணியிடத் துன்புறுத்தலின் ஒரு பகுதியாக அதனையும் கொண்டது. ஆகவே சினம் தணியாத வேளையில் நீக்கும் பொத்தானை நாடுவதைவிட, 'பின்தொடராமை' என்னும் வசதியைப் பயன்படுத்தலாம். அவருடைய பதிவுகள் நம் கண்ணில் படா. அவருக்கு அது தெரியவும் வராது.

மறுப்பதற்கும் சில வழிகள் உள்ளன. அழைப்பை அகற்றிவிட்டால் அனுப்பியவருக்கு முகநூல் அறிவிப்பு அனுப்புவதில்லை. தவிர, 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று முகநூல் தானே நீட்டும் பட்டியலில் விரல் பட்டும் பல அழைப்புகள் போகின்றன, அனுப்பியவரே மறந்திருப்பார். அவர் நேரில் கேட்டால், "அது வீட்டாருக்கும் பள்ளித் தோழர்களுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன் சார், லிங்க்டுஇன்னில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். ஆனால் ஒன்று, சொன்னபடி இருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரரைச் சேர்த்துவிட்டு இவரிடம் இதைச் சொன்னால், நண்பர்களின் நண்பர்கள் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றே ஆகவேண்டிய நிலையில், அவரைக் 'கட்டுப்படுத்தப்பட்டோர்' பட்டியலில் வைக்கலாம். நாம் பொதுவில் இடுபவை மட்டுமே அவருக்குத் தெரியும்.

முகநூலிலாவது கேட்டுத்தான் நுழைய வேண்டும். வாட்ஸ்அப்பில் அந்தக் கேள்வியும் இல்லை. வேலைக்காகத் தொலைபேசி எண்ணைக் கொடுக்காமல் இருக்க முடியாது. இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் பதிந்து வைத்துக்கொண்ட அளவிலேயே, நாம் வைக்கும் நிலைத்தகவல் அவர் கைக்குப் போய்விடுகிறது. தங்கையின் பூப்புனித நீராட்டு விழாப் படம் கணக்குப் பிரிவு முழுவதும் சுற்றி வருவது இப்படித்தான். இன்னார் தவிர மற்றவர்களுக்கு என்று ஒதுக்கி வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வேலையில் சேரும் நாளன்றே அதைச் சரி செய்துகொள்வது நல்லது, பின்னர் ஒவ்வொருவராக விலக்கினால் அது தெரிந்துவிடும்.

ஆசிரியர் மாணவர் உறவும் இதனைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011இல், ஆசிரியர்கள் மாணவர்களோடு இணையதளங்களில் தனிப்பட்ட தொடர்பு வைப்பதைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றியது. பேச்சுரிமைக்கு ஊறு என்று நீதிமன்றம் அதை நிறுத்தி வைக்க, அவ்வாண்டிலேயே அப்பகுதி கைவிடப்பட்டது. சட்டத்தால் ஆகாததை வழக்கத்தால் செய்யலாம். அகமதிப்பெண் இடும் கையிலிருந்து வரும் அழைப்பும் மேலாளர் அழைப்பைப் போன்றதே. இதை எழுதுவதற்காக நம் பேராசிரியப் பெருமக்கள் என்மீது வருத்தம் கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர்களில் சிலர் தேர்வு முடிவு வந்த பின்னரே மாணவர் அழைப்பை ஏற்பதை வழக்கமாகக் கொண்டிருப்பதை நான் அறிவேன்.

அலுவலகத்திலும் அப்படியொரு நாள் உண்டு. ஒருவர் மாறுதலில் போகிறார், அல்லது ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழா நடக்கிறது, மாலையும் சால்வையும் போட்டாகிறது. மறுநாள் காலை அவருக்குக் கையொப்பமிட ஒரு கோப்பும் இல்லை, நமக்கு அவரிடம் பெற வேண்டிய விடுப்பும் இல்லை. அன்று அவர் அழைப்பு அனுப்பலாம். அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பதிலிருந்து, இத்தனை ஆண்டுகளும் அவர் நமக்கு யாராக இருந்தார் என்பதை அவரும் தெரிந்துகொள்ளலாம்.